ஆறில் ஆறு

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். வெளியே எங்கும் இல்லை, என் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தி தினமும் காலையில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். நான் டீ குடித்துக்கொண்டு கேட்பேன். எனக்கு எழுத்துத் தெரியாத காலத்திலிருந்து வரும் பழக்கம். போன மழைக்காலத்தில் ஒரு செய்தி படித்தார். குடியிருப்புப் பகுதியில் மாலை ஆறு மணிக்கு மேல் சத்தம் பெருக்கும் ஆம்ப் வைத்து வாத்தியம் வாசித்தால் பறிமுதல் செய்வார்களாம். அன்று முதல் ஆறு அடித்தால் நான் கிட்டாரை உறையில் போட்டு மூடிவிடுவேன். அவர் ஆறு அடித்தால் டிவி போடுவார்.

இன்று அவர் படிக்கும்போது பின்னால் போய் நின்றேன். அவர் கவனிக்கவில்லை. "பாலம் திறப்பு தள்ளிவைப்பு" என்று படித்தார். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், அப்படித்தான் போட்டிருந்தது. அடுத்து, "எழுபது வயது தாண்டியவர்கள் வீட்டுக்குள் கிட்டார் சுதி சேர்க்க மருத்துவச் சான்று அவசியம்" என்று படித்தார். அந்த இடத்தில் இருந்தது மெத்தை விளம்பரம்.

"எங்க சம்பந்தி போட்டிருக்கு? காட்டுங்க" என்றேன்.

பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

ஆறு மணிச் சட்டமும் அந்த வகைதான். ஆறு மாதமாக ஒரு மெத்தைக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பரவாயில்லை. திட்டுவதை எழுதிவைத்தால் மறுநாளும் அப்படியே சூடாக இருக்கிறது. இது தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் போயிருப்பேன்.

மார்ச் 4, புதன்

மாலை ஏழு மணி வரை வாசித்தேன். யாரும் பறிமுதல் செய்ய வரவில்லை. சுவரை மட்டும் ஒருவர் தட்டினார்.

மார்ச் 6, வெள்ளி

சந்தோஷத்தில் மண். ஆம்ப் தும்முகிறது. வாசிக்க வாசிக்கச் சத்தம் அமுங்கி, பிறகு கரகரவென்று இருமி, பிறகு ஒன்றுமே இல்லை.

பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். இது பழைய காலத்து வால்வு ஆம்ப். சின்ன வால்வு மூன்று, பெரிய வால்வு இரண்டு. பெரியவை இரண்டும்தான் சத்தத்துக்குத் தசை. கண்ணாடிக் குமிழின் உச்சியில் உள்பக்கமாக வெள்ளிப் பூச்சு இருக்கும். ஒரு வால்வில் அந்த வெள்ளி, பால் படிந்த மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். செத்துவிட்டது. மற்றதும் சாகக் கிடக்கிறது.

நேரம் பார்த்துச் செத்தது. இருபத்தொன்பதாம் தேதி துணி ஆலைச் சங்கத்து ஆண்டு விழாவில் எங்கள் குழு வாசிக்கிறது. குழு கலைந்து பதினோரு வருடம் ஆகிறது. பாட்டுக்காரம்மாதான் எல்லோரையும் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். முன்னணி கிட்டார் நான். பேஸ் கிட்டார் சம்பந்தி. கீபோர்டு, சம்பந்தியின் தங்கை மகன். அந்தக் கீபோர்டில் கிட்டார் சத்தம் வருகிற பொத்தான் ஒன்று இருக்கிறதாம்.

விஷயம் தெரிந்ததும் சம்பந்தி பாட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்துவிட்டார். என் ஆம்ப் சரியாகவில்லை என்றால் என் பகுதியை அந்தப் பொத்தானே வாசித்துவிடும் என்று முடிவாகியிருக்கிறது. என்னைக் கேட்காமல்.

"உங்களுக்கு சிரமம் வேண்டாமேன்னுதான் சம்பந்தி" என்றார்.

"உங்க அக்கறைக்கு ரொம்ப நன்றி சம்பந்தி" என்றேன்.

மகள் உள்ளேயிருந்து கத்தினாள். "நீங்க ரெண்டு பேரும் வாங்க போங்கன்னு பேசினாலே எனக்கு வயித்தக் கலக்குது. அடிச்சுக்கிட்டாக்கூட பரவாயில்ல."

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குழுவில் இருந்தபோது நாங்கள் டேய், வாடா, போடாதான். பிள்ளைகள் இருவரும் கட்டினால் ஒருவரையொருவர்தான் கட்டுவோம் என்று நின்றார்கள். கல்யாணம் முடிந்தது. பெரியவர்கள் கூப்பிட்டுச் சொன்னார்கள், இனிமேல் மரியாதையாகப் பேசுங்கள், நாலு பேர் பார்க்கிறார்கள் என்று. டேய் என்பவனிடம் கோபம் வந்தால் அங்கேயே திட்டி அங்கேயே முடித்துவிடலாம். வாங்க என்று சொல்லிவிட்டு எப்படித் திட்டுவது? எல்லாம் உள்ளேயே தங்கிப் புளித்துவிட்டது. இப்போது என் வீட்டுக்காரியும் இல்லை, அவர் வீட்டுக்காரியும் இல்லை. மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்த இந்த மாடி வீட்டில் அவருக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. நடுவில் ஒரு சுவர். வண்ணம் அடித்தது நான். அவர் பக்கம் ஒரு பூச்சுதான் அடித்தேன்.

மார்ச் 7, சனி

ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா அவளுடைய அப்பா உட்கார்ந்த அதே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவரைப் போலவே முகத்தைப் பார்க்காமல் பேசுகிறாள். ஆம்பின் பெயரைச் சொன்னேன்.

அதற்கு எந்த வால்வு என்று அவளால் ஊகிக்க முடியுமாம், ஆனால் ஊகத்தில் கொடுக்க மாட்டாளாம். ஒரே மாதிரி பாதம் இருக்கிற வால்வு பல இருக்கின்றன, மாற்றிப் போட்டால் கருகிவிடும். கண்ணாடியில் நம்பர் இருக்கும், பார்த்து எழுதிக் கொண்டுவர வேண்டும். அவளுடைய அப்பா காலத்துச் சரக்கில் ஆறே ஆறு பெரிய வால்வு மிச்சம். இன்னொருவரும் கேட்டிருக்கிறார். சீக்கிரம் சொன்னால் எடுத்துவைப்பாள்.

எழுதிக் கொண்டுவாருங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள். எழுதத் தெரியுமா என்று கேட்கவே இல்லை.

மார்ச் 9, திங்கள்

காலை முழுவதும் அந்தச் செத்த வால்வோடு போராடினேன். எழுத்து தேய்ந்துபோயிருந்தது. கண்ணாடி மேல் வாயால் ஊதினால் ஆவி படிந்து ஒரு நொடி தெரியும், பிறகு மறைந்துவிடும். ஊதுவேன், பார்ப்பேன். முதலில் 6. கடைசியிலும் 6. எண்கள் எனக்கு முன்பே தெரியும், பெயின்ட் டப்பா எண்ணினவன். நடுவில் இருப்பது நம் எழுத்து இல்லை. ஒரு கோடு நேராகக் கீழே வந்து வலப்பக்கம் மடங்குகிறது.

சம்பந்தி பூதக்கண்ணாடியோடு வந்து வாசலில் நின்றார். "நான் வேணா படிச்சு சொல்லட்டுமா சம்பந்தி?"

வேண்டாம் என்றேன். இவர் படித்துச் சொன்னதை நம்பி நான் பட்டது போதும். மேடையில் பாட்டு வரிசையை இவர்தான் எனக்குப் படித்துச் சொல்வார். ஒரு நாள் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார். பாட்டுக்காரம்மா கண்ணை மூடி, தாயைப் பிரிந்த சோகத்தில் நிற்கிறாள். நான் எடுத்தேன் பார், குத்துப் பாட்டின் முன்னிசையை. அரங்கமே சிரித்தது. டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அப்போது நானும் கூடவே சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பாட்டைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, எனக்குப் படிக்கத் தெரியாததைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று.

அதனால்தான் இந்த வயதில் வகுப்பில் சேர்ந்தேன். சிலர் சாமிக்காகப் படிக்கிறார்கள், சிலர் பேரப்பிள்ளைகளுக்காக. நான் சம்பந்திக்கு எதிராகப் படித்தேன்.

மகளைக் கேட்டேன். அடுப்பில் கையை வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "இங்கிலீஷ்ல நம்ம ல் தாம்பா அது" என்றாள்.

போதும். உட்கார்ந்து எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் சீட்டு.

6ல்6 வேண்டும்.
வியாழன் அன்று மருமகன் வருவார்.
— கிட்டார் பெயின்டர்

மூன்று தாள் வீணானது. நான்காவதில் ல்-இன் சுழி அச்சடித்த மாதிரி விழுந்தது. தலையில் ஒரு புள்ளி. புள்ளி வைத்தால் எழுத்து பாதி வாயை மூடிக்கொள்ளும் என்று டீச்சர் சொன்னாள். சம்பந்தி தலையிலும் ஒன்று வைத்தால் தேவலை.

கடைக்குப் போனேன், கதவு இறங்கியிருந்தது. அடியில் இருந்த இடுக்கில் சீட்டைத் தள்ளிவிட்டு வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

நான் இங்கே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என் சீட்டு எனக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது. எழுத்துத் தெரிந்தவர்கள் இத்தனை நாளாக இந்தச் சுகத்தை எங்களிடம் சொல்லவே இல்லையே!

மார்ச் 12, வியாழன்

மாப்பிள்ளை வேனில் வரும்போது பார்சலை வாங்கி வந்தார். பிரித்தேன். ஆறு வால்வு. இரண்டு இல்லை, ஆறு.

சம்பந்தி எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா. கடையையே வாங்கிட்டீங்களா சம்பந்தி?"

அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பாட்டு வரிசையை மாற்றிச் சொன்ன அதே வாய். கடைக்குப் போன் செய்து, பெரியவருக்கு ஆறு வேண்டுமாம் என்று சொல்லியிருப்பார். என் முதல் சீட்டைக் கெடுத்துக் கேலி செய்வதற்காக. முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் மறுத்தார். குற்றவாளிகள் எல்லோரும் மறுக்கத்தான் செய்வார்கள்.

சரி, இருக்கட்டும். ஆறில் பளபளப்பாக இருந்த இரண்டைப் பொறுக்கினேன். பாதத்தின் நடுவில் இருக்கும் குச்சியில் ஒரு மேடு உண்டு, அது பள்ளத்தில் பொருந்தினால்தான் உள்ளே இறங்கும். இறங்கியது. சுவிட்சைப் போட்டுக் காத்திருந்தேன். இழை ஆரஞ்சாக மலர்ந்தது. தந்தியைத் தட்டினேன். வந்தது என் சத்தம். ஐயோ, வந்தது. அந்தக் குத்துப் பாட்டின் முன்னிசையையே வாசித்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று.

இரண்டாம் சுற்றில் இடப்பக்க வால்வின் உள்ளே இருக்கும் தகடு சிவக்க ஆரம்பித்தது. அடுப்புச் சுருள் மாதிரி. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

சம்பந்தி பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"வீட்டக் கொளுத்தப் பாக்கறீங்களா சம்பந்தி?"

"என் பொட்டியத் தொட உங்களுக்கு யார் சம்பந்தி அதிகாரம் கொடுத்தா?"

"பாதிப் பொட்டி என்னுது. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினது."

"அப்ப உங்க பாதியப் பிடுங்கிக்கங்க. என் பாதில எதுக்குக் கை வைக்கறீங்க?"

மகள் கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள். யாரையும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மார்ச் 13, வெள்ளி

பேச்சுவார்த்தை இல்லை. காலையில் அவர் பேப்பரை மனதுக்குள் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. என்னென்ன பொய் செய்தி கண்டுபிடித்தாரோ, கேட்க ஆளில்லாமல் வீணாகப் போனது.

மார்ச் 14, சனி

கடைக்குச் சண்டைக்குப் போனேன். ஆறு வேண்டும் என்று போன் செய்தது யார் என்று கேட்டேன். கடைக்கார அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"போனா? நீங்கதானய்யா எழுதிப் போட்டீங்க" என்றாள்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் என் சீட்டு. பத்திரமாக வைத்திருக்கிறாள். விரலை வைத்து நானே படித்தேன். 6ல்6 வேண்டும். சரியாகத்தானே இருக்கிறது?

"ஆறில் ஆறும் வேணும்னு போட்டிருக்கு. என்கிட்ட ஆறுதான் இருக்குன்னு உங்ககிட்ட சொன்னேன், அதான் மொத்தமும் கேக்கறீங்கன்னு எடுத்து வெச்சேன். இன்னொருத்தர இல்லன்னு திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள்.

நான் மறுபடி படித்தேன். ஆறு, ல், ஆறு. ஆறில் ஆறு. நம்பரைத்தான் எழுதினேன் என்றேன். "எல் எங்க?" என்றாள். "ல் இருக்கே" என்றேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "முன்னால ஒரு எ போடணும்யா. ஆறு எல் ஆறு."

6எல்6.

ஒரு எ. அது இல்லாததால் ஆறு வால்வு வீடு வந்து சேர்ந்திருக்கிறது, ஒருவர் வெறும் கையோடு திரும்பியிருக்கிறார், என் வீட்டில் தகடு சிவந்திருக்கிறது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும் வழியில் வேறொன்று தோன்றியது. நான் எழுதியதை எழுதியபடியே, ஒரு புள்ளி பிசகாமல் செய்திருக்கிறாள். வாயால் நான் சொன்ன எதையும் இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அவள் சொன்ன மற்றதையும் எழுத வேண்டும். பெரிய வால்வு இரண்டும் ஜோடியாக இருக்க வேண்டுமாம். பளபளப்பில் அல்ல. இரண்டும் ஒரே அளவு கரண்ட் இழுக்க வேண்டும். ஒன்று அதிகம் இழுத்தால் அது சிவந்து சாகும், மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு கேட்டிருந்தால் அவளே அளந்து ஜோடி பார்த்துக் கொடுத்திருப்பாள். ஆறும் போவதால் அளக்காமல் கட்டிவிட்டாள். ஆம்பைக் கொண்டுவந்தால் அதிலேயே போட்டு அளந்து தருவாள், மிச்சத்தைத் திருப்பித் தரலாம்.

ஆம்பைக் கொண்டுவர வேண்டும். மாடியிலிருந்து. இரண்டு ஆள் வேண்டும். மாப்பிள்ளை வெளியூர்ச் சவாரியில் இருக்கிறார், வர ஒரு வாரம் ஆகும்.

மார்ச் 15, ஞாயிறு

கேட்க மாட்டேன்.

மார்ச் 16, திங்கள்

கீபோர்டுக்காரன் வந்திருந்தான். அந்தப் பொத்தானை அழுத்தி என் முன்னிசையை வாசித்துக் காட்டினான். ஒரு தப்பு இல்லை. பொம்மைக் கல்யாணம் மாதிரி இருந்தது. தாலி உண்டு, சாப்பாடு உண்டு, மாப்பிள்ளைக்கு மட்டும் உயிர் இல்லை.

சம்பந்தி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கும் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிடிக்காதபோதுதான் அவர் வாயை மூடுவார்.

மார்ச் 17, செவ்வாய்

கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்றால், "சம்பந்தி, உங்க பாதிய நீங்க தூக்குங்க, என் பாதிய நான் தூக்கறேன்" என்றேன்.

போன் விஷயத்தில் அவர் மேல் தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சீட்டு விஷயத்தை மகள் நேற்றே அவரிடம் சொல்லிவிட்டாள் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "ஆறில் ஆறு" என்று ஒரு முறை முனகினார். அதற்கு மேல் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டார். அதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

அவர் கீழே, நான் மேலே. படி குறுகலானது, திருப்பம் வேறு. அந்தப் பெட்டி உள்ளே மின்மாற்றி இருக்கிற பக்கம் கல்லாகக் கனக்கும். படிக்குப் படி மரியாதை.

"கொஞ்சம் சாய்ங்க சம்பந்தி."

"நீங்க முதல்ல நிமிருங்க சம்பந்தி."

"உங்க காலப் பாத்து வைங்க."

"உங்க வாயப் பாத்து வைங்க."

திருப்பத்தில் என் பிடி வழுக்கியது. பெட்டியின் கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்து, முழுப் பாரமும் அவர் நெஞ்சு மேல் சாய்ந்தது. அவருக்குப் பின்னால் சுவர்தான். நசுங்கியிருப்பார்.

"டேய், விடாதடா! விடாத!" என்று கீழேயிருந்து கத்தினார்.

"விடலடா, நீ நகராத!"

நான் குனிந்து அடியில் கை கொடுத்தேன். இருவரும் அப்படியே படியில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். அவர் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து கீழ்ப்படியில் கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு, "போலாமா சம்பந்தி" என்றார்.

"போலாம் சம்பந்தி" என்றேன்.

கடையில் நடந்ததை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 18, புதன்

கடையில் நடந்தது.

அவள் ஒவ்வொரு வால்வாகப் போட்டு மீட்டரின் முள்ளைப் பார்த்தாள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள், உள்ளே இருக்கிற மின்சாரம் ஆளை அடித்துவிடும் என்று. ஆறில் இரண்டு எதனோடும் சேரவில்லை. அதில் ஒன்று நான் பளபளப்பைப் பார்த்துப் போட்டது. மற்ற நான்கும் இரண்டு ஜோடியாக அமைந்தன. ஒரு ஜோடிக்குக் கண்ணாடி தெளிவு, உள்ளே தகடு கறுப்பு. இன்னொன்றுக்குக் கண்ணாடியே புகை பிடித்த மாதிரி. இரண்டு ஜோடிக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், எதை மாற்றிப் போட்டாலும் ஆம்புக்குக் கெடுதல் இல்லை என்றாள். எது வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டுமாம்.

முதலில் கறுப்புத் தகடு. வாசித்தேன். நல்ல சுவரில் இரண்டாம் பூச்சுக் காய்ந்த பிறகு விளிம்பு கத்தியாக நிற்குமே, அந்த மாதிரி. ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் நின்றது. ஓங்கித் தட்டினால் கொஞ்சம் உறுமியது, மெதுவாகத் தொட்டால் அடங்கியது. இதுதான். சந்தேகமே இல்லை.

அடுத்து புகைக் கண்ணாடி. தண்ணீர் குறைவாகக் கலந்த சுண்ணாம்பு. தடிமன், மழுக்கல்.

வாயைத் திறந்தேன். அதற்குள் சம்பந்தி, "முதல் ஜோடிதான். கேள்வியே இல்ல" என்றார். என்னைப் பார்க்கவில்லை, கடைக்கார அம்மாவிடம் சொன்னார். பாட்டு வரிசையை எனக்குப் பதிலாக அவர் படித்த அதே குரல்.

"ரெண்டாவது ஜோடி" என்றேன்.

"நெசமாவா சம்பந்தி?"

"நெசமாத்தான் சம்பந்தி."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். புகைக் கண்ணாடியையே போட்டு மூடினாள். கறுப்பு ஜோடியும் கையில் இருக்கட்டும், விழா முடிந்து திருப்பித் தந்தால் போதும் என்று ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு சுற்றிக் கொடுத்தாள்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். கறுப்புத் தகடுதான் நல்லது.

மார்ச் 22, ஞாயிறு

ஒத்திகை. பாட்டுக்காரம்மா, "கிட்டார் என்ன கம்பளி போத்திக்கிட்டுப் பாடுது?" என்றாள். புது வால்வு, பழகவேண்டும் என்றேன். சம்பந்தி தன் பேஸின் தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு, அந்தச் சாக்கில் மாற்றியிருப்பேன். வேண்டுமென்றே சொல்லாமல் இருக்கிறார். இது ஒரு புது வகைத் துரோகம்.

மார்ச் 25, புதன்

டப்பாவைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன்.

நானாக மாற்றினால் சுவர் வழியாக அவருக்குக் கேட்கும். முதல் சுரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். குழுவில் என் சத்தத்தைத் தெரிந்தவர் வேறு யார்? அவர் கண்டுபிடிப்பதை நினைத்தாலே உடம்பு எரிகிறது. கம்பளியே மேல்.

மார்ச் 28, சனி

கீபோர்டுக்காரன் போன் செய்து, முதல் பாட்டின் முன்னிசையைத் தானே வாசிக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். நாளை மதியம் அரங்கத்தில் சத்தத்தைச் சரிபார்ப்பார்கள், அங்கே கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று பாட்டுக்காரம்மா சொன்னாளாம்.

மார்ச் 30, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் அரங்கத்தில் எல்லோரும் வாசித்துப் பார்த்தோம். பெரிய அரங்கம், கம்பளி இன்னும் தடித்தது. என் சத்தம் மேடையைத் தாண்டவே இல்லை. பாட்டுக்காரம்மா என் அருகே வந்து மெதுவாக, "முன்னிசை அவனே வாசிக்கட்டும், நீங்க நடுவுல வாங்க" என்றாள். மெதுவாகச் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு ஆம்பை அணைத்தேன். பின்வாசலில் ஒரு குழாய் இருந்தது. அங்கே போய் முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

திரும்பி வந்தபோது மேடையில் சம்பந்தி மட்டும் இருந்தார், என் ஆம்புக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு. என்ன என்றேன். கீழே விழுந்த திருகாணியைத் தேடுவதாகச் சொன்னார். வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது.

மாலை. திரை விலகியது. கீபோர்டுக்காரன் பொத்தானை அழுத்தத் தயாராக இருந்தான். நான் சுதி சரியா என்று பார்க்க ஒரே ஒரு தந்தியைத் தொட்டேன். அது அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. விளிம்பு கத்தி. பாட்டுக்காரம்மா சட்டென்று திரும்பினாள். கீபோர்டுக்காரனின் கையை அவளே தட்டிவிட்டாள்.

வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

மூன்றாவது பாட்டில்தான் பேஸ் வாசிக்கும் சம்பந்தி பக்கம் பார்த்தேன். அவன் கட்டை விரலால் வாசித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடத்தில் அவன் பேஸை இரண்டு விரலால்தான் வாசிப்பான், கட்டை விரலால் வாசிப்பவர்களைக் கேலி செய்வான். அந்த இரண்டு விரலும் தந்தி மேல் படாமல் தூக்கியே இருந்தன.

அவசரத்துக்கு என்று ஆம்போடு அரங்கத்துக்கு எடுத்துப்போயிருந்த பிஸ்கட் டப்பாவை இன்று காலை திறந்தேன். கறுப்பு ஜோடி இல்லை. புகைக் கண்ணாடி இரண்டும் அவனுடைய கட்டம் போட்ட கைக்குட்டைக்குள் இருந்தன. கைக்குட்டையில் இரண்டு இடத்தில் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. அணைத்த சூட்டோடு, ஆறும்வரை கூடப் பொறுக்காமல் பிடுங்கியிருக்கிறான். நான் குழாயடியில் நிற்கிற நேரம்தான் அவனுக்குக் கிடைத்தது.

டப்பாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அவன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு விரலிலும் கட்டு. பேப்பரைப் பிடுங்கினேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தேன்.

"பாலம். திறப்பு விழா. மறுபடியும். தள்ளிவைப்பு."

அவன் டீயை உறிஞ்சினான்.

"அடுத்தவன் ஆம்பைத் திறந்து, சூடான வால்வில் கை வைக்கிறவர்களுக்கு, இரண்டு வருடம் கடுங்காவல்" என்று படித்தேன். இதை மட்டும் தட்டுத் தடுமாறாமல் படித்தேன்.

டம்ளரைக் கீழே வைத்தான்.

"எங்கடா போட்டிருக்கு? காட்டு."

மெத்தை விளம்பரத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.